வீட்டில் நெட் இல்லாமல் வாழப் பழகுவது எப்படி?

வீட்டு இணைய இணைப்பை எடுத்துவிடலாமா என்று யோசிப்பவர்களில் பல ரகம் உண்டு. மாதச் செலவில் ஒன்றைக் குறைக்க நினைப்பவர்கள், வீடு மாறிப் புது இணைப்பு வரத் தாமதமானதில் "இப்படியே இருந்துவிட்டால்தான் என்ன" என்று தோன்றியவர்கள், படுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடுநிசிவரை திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பது தங்களுக்கே அலுத்துப்போனவர்கள். காரணம் எதுவானாலும் செய்யவேண்டிய வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எந்த வரிசையில் செய்தால் சிக்கிக்கொள்ளாமல் தப்பிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இது இணையத் துறவறம் இல்லை. அமெரிக்காவில் பால் மில்லர் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் 2012 மே மாதம் தொடங்கி ஓராண்டு முழுக்க இணையத்தைத் தொடாமலே இருந்து பார்த்தார். முதல் சில மாதங்கள் அருமையாகப் போயின, அதற்கப்புறம் பழைய சோம்பலும் யாரோடும் சேராமல் ஒதுங்கும் குணமும் வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டன என்று அவரே எழுதினார். நாம் பேசுவது அதுவல்ல. மின்னஞ்சல் வேண்டும், வங்கி வேண்டும், படிக்க வேண்டும், படம் பார்க்கவும் வேண்டும். ஆனால் அதெல்லாம் வீட்டுக்குள் நாள் முழுக்கத் திறந்து கிடக்க வேண்டாம். இணையம் என்பது போய் முடித்துவிட்டு வரும் ஒரு வேலையாக இருக்கட்டும், அவ்வளவுதான் யோசனை.

1. முதலில் கணக்கு எடுங்கள்

"நமக்கு நெட் எதற்கு?" என்று மனதிடம் கேட்டால் அது வேலைக்கு, படிப்புக்கு என்று கௌரவமாகப் பதில் சொல்லும். நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் வைஃபை டேட்டா பயன்பாடு என்று ஒரு பக்கம் இருக்கிறது, எந்த ஆப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். விண்டோஸிலும் நெட்வொர்க் பகுதியில் கடந்த 30 நாள் கணக்கு கிடைக்கும். ஐபோனில் வைஃபைக் கணக்கைத் தனியாகக் காட்டாது, அங்கே ஸ்கிரீன் டைம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். டிவி, பிரிண்டர், கேமரா, நீங்கள் மறந்தேபோன ஒரு பழைய டேப்லட் என்று ஒரு பெரிய குடும்பமே அதில் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முக்கியமானது எல்லாம் எடை குறைவு, எடை அதிகமானது பெரும்பாலும் பொழுதுபோக்கு. எழுத்து மட்டும் உள்ள ஒரு மின்னஞ்சல் சில கேபிதான். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு 58 எம்பிக்குள் அடங்கும். அதே ஒரு மணி நேரம் நெட்ஃபிளிக்ஸில் எச்டி தரத்தில் படம் பார்த்தால் 3 ஜிபிவரை, 4கே என்றால் 7 ஜிபிவரை போகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதாவது வங்கி, கடிதம், விண்ணப்பம், செய்தி எல்லாம் போனில் ஒரு சின்ன டேட்டா பேக்கிலேயே ஓடிவிடும். வீட்டுக்கு ஒரு தடிமனான கம்பி வந்ததே பெரும்பாலும் வீடியோவுக்காகத்தான்.

கணக்கு எடுத்த கையோடு மூன்று ஆபத்துகளைச் சரிபாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, வைஃபை காலிங். வீட்டுக்குள் போன் சிக்னல் சரியில்லாத இடங்களில் அழைப்புகள் சத்தமில்லாமல் வைஃபை வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். இணைப்பை எடுத்த அன்றுதான் போனே வேலை செய்யவில்லை என்று தெரியவரும். வைஃபையை அணைத்துவிட்டு வீட்டின் எல்லா அறைகளிலிருந்தும் ஒருவரை அழைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு, தரைவழித் தொலைபேசி. ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வந்த தொலைபேசி என்றால் இணைப்போடு சேர்ந்தே போய்விடும். மூன்று, வீட்டில் யாருக்காவது உடல்நிலைத் தகவலை அனுப்பும் மருத்துவக் கருவியோ, அவசர உதவிப் பொத்தானோ இருக்கிறதா என்பது. இருந்தால் அது எந்த வழியாகப் பேசுகிறது என்று தெரியும்வரை எதையும் தொடாதீர்கள்.

இதோடு இன்னொன்று. தினமும் வீட்டிலிருந்தபடி வீடியோ கூட்டங்களில் உட்காரவேண்டிய வேலை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அரைகுறையாகத்தான் பயன்படும், மீதியைப் படித்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. உங்கள் சீர்திருத்தத்துக்கு அவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

2. துண்டிக்காதீர்கள், பிடுங்கி வையுங்கள்

நிறுவனத்தை அழைத்து இணைப்பை ரத்துசெய்வது கடைசி வேலை. முதலில் ரூட்டரை மட்டும் மின்சாரத்திலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றி, எளிதில் கை போகாத இடத்தில் வைத்துவிடுங்கள். பட்டனை அணைத்தால் போதாது. அணைத்த பட்டனை மறுபடி போட ஒரு நொடி போதும், பரண்மேல் ஏற ஸ்டூல் தேட வேண்டும். குறைந்தது ஒரு மாதம் இப்படி ஓடட்டும், ஏனென்றால் கட்டணம் கட்டும் தேதி, மாதாந்திரக் கணக்கு, எதிர்பாராத ஒரு விண்ணப்பம் என்று மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டும் வேலைகள் எல்லாம் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுக்குள் இருக்கும்போது போனின் டேட்டாவும் அணைந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் "நான் வீட்டு இணையம் இல்லாமலே இருக்கிறேன்" என்று பெருமை பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் அளவில்லாத டேட்டாவோடு, முன்பைவிடச் சின்னத் திரையில், முன்பைவிட அதிக நேரம்.

3. போனை வழிக்குக் கொண்டுவருவது

உண்மையில் கஷ்டமான படி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேட்டாவை அணைத்தால் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நிற்காது, வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஓடிபியும் வரும். பேரிடர் எச்சரிக்கைக்கு செல் பிராட்காஸ்ட் (கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியிலுள்ள எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) முறையைப் பயன்படுத்தும் நாடுகளில் அந்த எச்சரிக்கையும் டேட்டா இல்லாமலே போனுக்கு வந்துவிடும். ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்களும் வேலை செய்யும். அவை அந்த எண்ணை எங்கிருந்தும் வரவழைப்பதில்லை, போனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை தாங்களே கணக்கிட்டுக்கொள்கின்றன. போனின் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

வாட்ஸாப் செய்திகள் காணாமல் போய்விடுமா என்றால், போகாது. நீங்கள் இணைப்பில் இல்லாதபோது வருபவை அவர்களுடைய சர்வரில் 30 நாள்வரை காத்திருக்கும், அதற்குள் ஒருமுறை டேட்டாவைப் போட்டால் மொத்தமும் வந்து விழும். கணினியிலும் வாட்ஸாப் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் 14 நாளுக்குமேல் வாட்ஸாப்பைத் திறக்காவிட்டால் இணைத்த கணினிகள் எல்லாம் வெளியேற்றப்பட்டுவிடும்.

நெருங்கிய ஆட்கள் எல்லோரிடமும் "அவசரம் என்றால் கூப்பிடுங்கள், மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்" என்று ஒருமுறை சொல்லிவைத்துவிடுங்கள். இரண்டு வாரம் மறந்துபோவார்கள், அப்புறம் பழகிவிடும். சொல்லாமல் இருந்தால் "என்ன கோபம், நீல டிக்கே வரவில்லையே" என்று விசாரணை வரும்.

இனி டேட்டா பேக். அளவில்லாததை விட்டுவிட்டு அளவுள்ள சின்ன பேக்குக்கு மாறுங்கள். மாறிய அன்றே செய்யவேண்டியவை சில: ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர், ஐபோனில் லோ டேட்டா மோட், இரண்டையும் இயக்கிவிடுங்கள். வாட்ஸாப் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். போட்டோ பேக்கப் மொபைல் டேட்டாவில் ஓடாமல் பாருங்கள். வீடியோ தானாக ஓடும் வசதியை எந்த ஆப்பில் கண்டாலும் அணையுங்கள். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வைத்துக் கணினியை இணைக்கிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கணினிக்கு அது ஹாட்ஸ்பாட் என்று தெரியாமல் போகலாம். வீட்டு வைஃபை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தேங்கிக் கிடந்த அப்டேட்டுகளையும் கிளவுட் ஒத்திசைவையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடும், பேக் காலி. விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் கனெக்‌ஷன் (அளவுள்ள இணைப்பு) என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் அடங்கும், மேக்கில் அதே வேலையை லோ டேட்டா மோட் செய்கிறது.

ஹாட்ஸ்பாட்டை நான் அறவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணினியில்தான் நிரப்ப முடியும் என்கிற ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இன்று என்றால் போட்டு முடித்துவிட வேண்டியதுதான். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும், அதுதான் விதி.

4. ஒரு நோட்டு

எல்லாப் படிகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு நோட்டு, கூடவே ஒரு பேனா. ஏதாவது தேடிப் பார்க்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் அதில் எழுதுகிறீர்கள், கடைக்குப் போகுமுன் சீட்டு எழுதுவதுபோல. போனிலேயே நோட் ஆப்பில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், ஆனால் போனைத் திறந்ததும் விரல் வேறு எங்கோ போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

நேற்றுப் பேச்சில் வந்த நடிகர் பெயர்?
தையல் மெஷினில் நூல் அடிக்கடி அறுகிறது, ஏன்?
பாஸ்போர்ட் புதுப்பிக்க என்னென்ன சான்றுகள்?
நிலா ஏன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது?
புது ஹெட்போன் எது நல்லது?
அலுவலகப் படிவம், 14ஆம் தேதிக்குள் அனுப்ப.

இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைப் பாருங்கள். நடிகர் பெயர் குளிக்கும்போது தானாக ஞாபகம் வந்திருக்கும், அடித்துவிடலாம். தையல் மெஷினுக்கு அதனுடைய கையேட்டைத் தேடி எடுத்து நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பார்த்திருப்பீர்கள், பாதி நேரம் கோளாறே அதுதான். நிலா சங்கதிக்குக் கணினியில் இறக்கிவைத்திருக்கும் கலைக்களஞ்சியமே போதும், அதைப் பற்றி அடுத்து வருகிறேன். ஹெட்போன் ஆசை ஒன்று ஆறியிருக்கும், அல்லது இன்னும் அப்படியே இருக்கும். இருந்தால் வாங்கலாம். ஆக வெளியே எடுத்துப்போக மிஞ்சுவது பாஸ்போர்ட்டும் படிவமும். வீட்டில் நெட் இருந்திருந்தால் இந்த ஆறும் ஆறு தனித்தனி வேளைகளில் திரையைத் திறக்க வைத்திருக்கும், ஒவ்வொன்றும் பக்கத்துத் தெருவுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

எழுதுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். கேள்வியை எழுதுங்கள், தளத்தின் பெயரை எழுதாதீர்கள். "யூடியூப் பார்க்க" என்று எழுதினால் அது செல்லாது. "சைக்கிள் சங்கிலி மாற்றும் முறை, வீடியோ" என்று எழுதினால் செல்லும். தேடிப் பார்க்கும் ஆசையும் தேடவேண்டிய அவசியமும் வேறு வேறு என்பது இந்த நோட்டில் ஒரு மாதம் எழுதினால்தான் உறைக்கும். வெறுமனே சொன்னால் யாரும் ஏற்பதில்லை, நானும் ஏற்றிருக்க மாட்டேன்.

5. வீட்டுக்குள் ஒரு களஞ்சியம்

நெட் இல்லாத வீடு வெறும் வீடாக இருந்தால் மூன்றாம் நாளே ரூட்டர் கீழே இறங்கிவிடும். ஆகவே சரக்கை முன்கூட்டியே ஏற்றிவைக்க வேண்டும்.

முதல் சரக்கு கிவிக்ஸ். இது ஓர் இலவச மென்பொருள், போனிலும் கணினியிலும் ஓடும். விக்கிப்பீடியாவை முழுசாக ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபிக்கு மேல் வரும், படங்கள் இல்லாத பதிப்பு ஏறக்குறைய அதில் பாதி. தமிழ் விக்கிப்பீடியா அதில் ஒரு சிறு பங்குதான், போனிலேயே வைத்துக்கொள்ளலாம். விக்சனரி அகராதி, ஐஃபிக்ஸிட்டின் பழுதுபார்க்கும் வழிகாட்டிகள், குட்டன்பர்க் திட்டத்தின் இலவச மின்னூல்கள் என்று வேறு பல தொகுப்புகளும் அதே முறையில் கிடைக்கின்றன.

இங்கே புதியவர்கள் தவறாமல் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. 128 ஜிபி பென்டிரைவ் வாங்கி வந்து, காலியாகவே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கோப்பை நகலெடுத்தால் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுத்துவிடும். இடம் இருக்கிறது, இருந்தும் இடம் இல்லை என்கிறது. காரணம், பல பென்டிரைவ்களும் மெமரி கார்டுகளும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வருகின்றன, அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், எடுத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படிப்பதற்கு: 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து நாவல்கள்வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு குட்டன்பர்க் திட்டத்தில் 70,000 நூல்களுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக் குவிக்காதீர்கள். இரண்டு மூன்று நூல்களை மட்டும் இறக்கி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் படிப்பீர்கள். ஆயிரம் நூல்களை இறக்கினால் பட்டியலைத்தான் படிப்பீர்கள்.

கேட்பதற்கு பாட்காஸ்ட் மிகத் தோதானது, ஏனென்றால் அது தொடக்கத்திலிருந்தே இறக்கிவைத்துக் கேட்பதற்காக உருவானது. ஆன்டெனாபாட் போன்ற ஆப்பில் நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்தால் வைஃபை கிடைத்த நேரத்தில் புதியவற்றைத் தானே இறக்கிக்கொள்ளும். ரேடியோவையும் மறக்க வேண்டாம், அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது.

பாட்டு, படம் தரும் கட்டணச் சேவைகளிலும் இறக்கிவைக்கும் வசதி உண்டு, ஆனால் அதை உங்கள் உடைமை என்று நம்பிவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாடல்கள் கையில் இருக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணைப்புக்கு வந்தாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் இறக்கிய சில படங்கள் 7 நாளில் காலாவதியாகும், சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில். கட்டுரைகளைச் சேமித்துவைக்கப் பலர் நம்பியிருந்த பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. இதனால்தான் நான் சொல்வது, பிடித்த பக்கத்தை பிடிஎஃப்பாகவோ, சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) மூலம் ஒரே கோப்பாகவோ உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு உங்களிடம் இருந்தால் யாரும் கடையைச் சாத்திவிட்டுப் போக முடியாது.

வரைபடம்: ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்ஆண்ட் என்ற இரண்டு ஆப்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை வைத்து முழுக்க இணையமின்றி ஓடுபவை, வழியும் காட்டும். கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியை இறக்கிவைக்கலாம். ஆனால் அதில் இணையம் இல்லாதபோது வண்டி ஓட்டும் வழி மட்டும்தான் கிடைக்கும், நடைவழியோ பேருந்து வழியோ கிடைக்காது. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க போனுக்கு டேட்டா தேவையில்லை, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேராகவே வருகிறது. என்ன, டேட்டா இருந்தால் செயற்கைக்கோள்களின் இருப்பிடக் குறிப்பைப் போன் இணையத்தில் சட்டென்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அந்தச் செயற்கைக்கோளே அனுப்புவதைக் கேட்டு முடிக்க அரை நிமிடமாவது ஆகும், சில சமயம் இன்னும் அதிகம். ஆகவே புது ஊரில் இறங்கியதும் வெட்டவெளியில் கொஞ்சம் நின்றுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ரூட்டர் உங்களுடையதாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், சோதனை மாதம் முடிந்த பிறகு கீழே இறக்கிக்கொள்ளலாம். இணையம் வராத ரூட்டரும் வீட்டுக்குள் உள்வலையாக வேலை செய்யும். லோக்கல்செண்ட் என்ற ஆப்பைப் போட்டால் போனுக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை மாற்றிக்கொள்ளலாம், வைஃபை பிரிண்டர் பிரிண்ட் எடுக்கும், கணினியில் இருக்கும் படத்தை டிவியில் பார்க்கலாம்.

6. வெளியே போய் இணைவது

எங்கே போவது? நூலகம், கல்லூரி, அலுவலகம், நண்பர் வீடு, இவற்றில் ஏதாவது ஒன்று வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். அலுவலக இணைப்பில் சொந்த வேலை பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். நூலகத்தில் நேர வரம்பு, இறக்கும் அளவுக்கு வரம்பு இருக்கலாம். 100 ஜிபி விக்கிப்பீடியாவை அங்கே உட்கார்ந்து உறிஞ்சினால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த மாதிரிப் பெரிய கோப்புகளை வேகமான இணைப்புள்ள நண்பரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்து வாங்கிக்கொள்வதே மரியாதை.

கிளம்புமுன் பேட்டரி நிறைந்திருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, கணினியில் இடம் காலியாக இருக்கிறதா, நோட்டு பையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் வரிசை முக்கியம். இறக்கவேண்டிய பெரியவற்றை முதலில் தொடங்கிவிடுங்கள், அது பின்னால் ஓடட்டும். அப்புறம் அவசரக் கடிதங்கள், படிவங்கள். அதற்கப்புறம் நோட்டில் உள்ள கேள்விகள், மேலிருந்து கீழ். நேரம் மிஞ்சினால் சும்மா உலாவலாம், அதில் தப்பே இல்லை, அதற்கும் சேர்த்துத்தானே போகிறோம்.

வைஃபையில் இணைந்தும் எதுவும் திறக்காமல் திண்டாடுவது பொது இடங்களில் சகஜம். உள்நுழைவுப் பக்கம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும், ஆனால் நீங்கள் திறக்கும் தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பில் இருப்பதால் அந்தப் பக்கத்துக்கு உங்களைத் திருப்பிவிட முடியாமல் வைஃபை முழிக்கும். நெவர்எஸ்எஸ்எல் என்று இதற்கென்றே பாதுகாப்புப் பூட்டு இல்லாத ஒரு தளம் இருக்கிறது, அதைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, அதே எச்டிடிபிஎஸ்ஸால்தான் பொது வைஃபை முன்புபோல் அவ்வளவு அபாயம் இல்லை. இருந்தாலும் பிரவுசர் எச்சரிக்கை காட்டினால் மீறிப் போகாதீர்கள், தெரியாத பெயருள்ள வைஃபையில் தானாக இணையும் வசதியை அணைத்துவிடுங்கள், வங்கி வேலையை உங்கள் போன் டேட்டாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் டேட்டா அற்பம்.

கடிதங்களுக்குத் தண்டர்பேர்டு மாதிரி ஒரு மின்னஞ்சல் மென்பொருள் இருந்தால் வாழ்க்கை எளிது. வீட்டில் ஆற அமரப் படித்து, பதில் எழுதி, அனுப்பக் காத்திருக்கும் பெட்டியில் வைத்துவிடலாம். இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடலாம். ஜிமெயிலை பிரவுசரிலேயே பார்க்கிறவர்கள் குரோமில் ஆஃப்லைன் வசதியை இயக்கி 7, 30 அல்லது 90 நாள் கடிதங்களைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு உபரி லாபம், கோபத்தில் எழுதிய பதில் இரண்டு நாள் பெட்டியிலேயே கிடக்கும். அனுப்புமுன் ஒருதரம் படித்துப் பார்ப்பீர்கள்.

கணினி, போன் இரண்டின் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப்போட வேண்டாம். நெட் குறைவு என்பதற்காக மாதக்கணக்கில் விட்டுவிட்டால், பொது வைஃபைக்குப் போகும்போது அதுதான் பெரிய ஓட்டை. வாரம் ஒருமுறை போகும் இடத்தில் கடைசி அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். இறக்கும்போது நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் ஒன்றைப் போட்டுவைப்பதும் நல்லது.

7. இப்போது ரத்துசெய்யலாம்

ஒரு மாதம் தாக்குப்பிடித்தீர்களா? சரி, இனி அந்த அழைப்பைச் செய்யலாம். அதற்குமுன், இணைப்பு நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை எங்காவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இணைப்போடு அதுவும் போய்விடக்கூடும், வங்கிக் கணக்கு அதில் பதிவாகியிருந்தால் பெரிய தலைவலி. ஒப்பந்தக் காலம் முடிந்ததா, முன்கூட்டியே விலகினால் அபராதம் உண்டா, எத்தனை நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பதையும் படித்துவிடுங்கள்.

அழைத்ததும் பாதி விலை, இரு மடங்கு வேகம் என்று ஆசை காட்டுவார்கள். "வேண்டாம், ரத்துசெய்யுங்கள்" என்பதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்ல உரையாடல் நீளும். ரத்தானதை எழுத்தில் வாங்குங்கள். ரூட்டர் அவர்களுடையது என்றால் அதிலுள்ள உங்கள் அமைப்புகளை அழித்து, திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் தானியங்கிக் கட்டணத்துக்குக் கொடுத்த அனுமதியையும் நீங்களே போய் நீக்குங்கள். இணைப்பு போன பின்னும் பணம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், அந்த எழுத்தும் ரசீதும் இல்லாவிட்டால் வாதாட ஒன்றுமே இருக்காது.

8. பழகும்வரை

முதல் வாரம் கை தானாகப் போனைத் தேடும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, வைப்பீர்கள், மறுபடி எடுப்பீர்கள். மாலை நேரம் திடீரென்று நீளமாகத் தெரியும். அதை நிரப்ப உடனே வீணை கற்கிறேன், மாரத்தான் ஓடுகிறேன் என்று கிளம்ப வேண்டியதில்லை. சும்மா சலிப்பாக இருந்தால் சலிப்பாகவே இருக்கட்டும். தூக்கம் முன்னதாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள், உங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பாஸ்வேர்டு கேட்பார்கள், இல்லை என்றால் முதலில் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

செய்தி மட்டும் பலருக்குக் குறையாகத் தெரியும். காலை மாலை ரேடியோச் செய்தியோ ஒரு நாளிதழோ போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்துகொண்டிருந்ததில் எதை வைத்து என்ன செய்தோம் என்று யோசித்தால் பெரும்பாலும் விடை இருக்காது.

சிலருக்கு இது ஒத்துவராது. வெளியே போய் இணைவது வாரத்துக்கு ஐந்தாறு முறையாகிவிட்டாலோ, மாதக் கடைசிக்கு முன்பே டேட்டா பேக் தீர்ந்து மேலும் மேலும் வாங்கிக்கொண்டிருந்தாலோ, வேலையில் கெட்ட பெயர் வரத் தொடங்கினாலோ, மறுபடி இணைப்பு வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போது முதல் படியில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு, உங்களுக்குப் போதுமான மிகக் குறைந்த வேகத் திட்டத்தையே கேளுங்கள். பல ரூட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் பேரன்டல் கன்ட்ரோல் என்ற பெயரில் நேர அட்டவணை போடும் வசதி இருக்கிறது. குழந்தைகள் இல்லாவிட்டாலும் அதைப் பயன்படுத்தலாம். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும்படி வைத்துவிட்டு, அந்த நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை வீட்டில் வேறொருவரிடம் மாற்றச் சொல்லிவிடுங்கள்.